இடம் யாருக்கு, வாக்கு யாருடையது? நாடாளுமன்றங்களில் சிறுபான்மை இனங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிக வாக்குப் பெற்றவருக்கே வெற்றி என்ற விதியின்கீழ், மக்கள்தொகையில் சிறுபங்காக இருக்கும் ஓர் இனம் எத்தனை தேர்தல் நடந்தாலும் தன் சார்பில் ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்ப முடியாமல் போகலாம். அவ்வினத்தார் ஒரே பகுதியில் திரண்டு வாழாமல் நாடெங்கும் பரந்து வாழ்ந்தால் இது ஏறக்குறைய உறுதி. இதற்குப் பல நாடுகள் சட்டத்தில் வழி செய்துள்ளன. அந்த வழிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எத்தனை இடம் என்ற எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறது. அந்த இடத்துக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு யார் கையில் இருக்கிறது என்பதே முதலில் கேட்கப்பட வேண்டியது என்ற கருத்துடன் கீழ்வரும் விடைகள் எழுதப்பட்டுள்ளன. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்குரிய தொகுதிகள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருப்பவை என்பதால் அவற்றுக்கு அதிக இடம் தரப்பட்டுள்ளது.

ஓர் இனத்துக்கு இடம் ஒதுக்குவது என்றால் நடைமுறையில் என்ன பொருள்?

நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் முறைகளைச் சில வகைகளில் அடக்கிவிடலாம். அந்த இனத்தவர் மட்டும் வாக்களிக்கும் தனி வாக்காளர் பட்டியல் ஒரு வகை. வேட்பாளர் அந்த இனத்தவராக இருக்க வேண்டும், ஆனால் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் வாக்களிப்பார்கள் என்பது மற்றொரு வகை. இடம் எதையும் ஒதுக்காமல், சிறுபான்மைக் கட்சிகளுக்கு மட்டும் குறைந்தபட்ச வாக்கு விழுக்காட்டு விதியை (குறித்த விழுக்காட்டுக்குக் கீழே வாக்குப் பெற்ற கட்சிக்கு இடமே இல்லை என்ற விதியை) தளர்த்துவது மூன்றாவது. தேர்தலே இல்லாமல் அரசுத் தலைவர் ஒருவரை நியமிப்பதும் உண்டு. இந்திய மக்களவையில் ஆங்கிலோ இந்தியர் இருவரைக் குடியரசுத் தலைவர் நியமித்து வந்தது இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றலாம். அவையில் அந்த இனத்தவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் அடுத்த தேர்தலில் யாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று பார்த்தால் நான்கும் நான்கு திசையில் போகும்.

எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தால் என்ன குறை?

இந்தக் கேள்வியை 1932ஆம் ஆண்டிலேயே அம்பேத்கர் கேட்டுவிட்டார். அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த ஏற்பாடு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதிகளைத் தந்தது. காந்தியின் உண்ணாநோன்புக்குப் பிறகு செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தம், இடங்களின் எண்ணிக்கையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 148 ஆக உயர்த்தியது. பதிலுக்குத் தேர்ந்தெடுக்கும் வாக்கைப் பொது வாக்காளர்களிடம் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்திலும் ஒரு நடுவழி இருந்தது: முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தெரிவு செய்வார்கள், அந்த நால்வரிலிருந்து ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். விடுதலைக்குப் பின் வந்த அரசியல் சட்டத்தில் அந்த முதல் சுற்று இடம்பெறவில்லை. இன்று மக்களவையின் 543 தொகுதிகளில் 84 பட்டியல் சாதியினருக்கும் 47 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றிலும் பொது வாக்குத்தான்.

சிங்கப்பூரின் குழுத்தொகுதி முறையும் இதே வகையைச் சேர்ந்தது. 1988இல் கொண்டுவரப்பட்ட அந்த முறையில், ஒரு தொகுதியில் கட்சிகள் தனி ஆளுக்குப் பதிலாக ஓர் அணியை நிறுத்துகின்றன. அந்த அணியில் குறைந்தது ஒருவர் மலாய், இந்திய அல்லது வேறொரு சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். சீனர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் சிறுபான்மை உறுப்பினர் இல்லாத நாடாளுமன்றம் அமைந்துவிடாமல் தடுக்க அது வேண்டும் என்பது அரசின் வாதம். அணி முழுதாக வெல்லும் அல்லது முழுதாகத் தோற்கும் என்பதால், அந்தச் சிறுபான்மை வேட்பாளர் எந்தக் கட்சியின் அணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய விதி அமைகிறது. எதிர்க்கட்சி ஒரு குழுத்தொகுதியை முதன்முதலில் வென்றது 2011இல்தான், அல்ஜுனிட் தொகுதியில். யாழ்ப்பாணத் தமிழ்ப் பின்னணி கொண்ட எதிர்க்கட்சித் தலைவர் ஜே.பி. ஜெயரத்னம், குழுத்தொகுதிகள் வருவதற்கு முன்பே, 1981 இடைத்தேர்தலில் ஆன்சன் தொகுதியில் சீன வாக்காளர்களின் வாக்குகளையும் பெற்று வென்றிருந்தார் என்பதை அந்த முறையை எதிர்ப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒருவர் வென்றுவிட்டதால் எல்லோரும் வெல்ல முடியும் என்று ஆகிவிடாது. ஆனாலும் அந்த முறையால் அதிகப் பயன் பெற்றது யார் என்ற ஐயத்தை ஆன்சன் எழுப்பிவிடுகிறது.

மாவோரி தொகுதிகள் எப்படித் தோன்றின?

1867ஆம் ஆண்டின் சட்டத்தால் நான்கு மாவோரி தொகுதிகள் உருவாயின. அதற்கு முன் வாக்குரிமை தனி ஆளின் பெயரில் சொத்து வைத்திருந்த ஆண்களுக்கே இருந்தது. மாவோரி நிலம் குலத்தின் பொது உடைமையாக இருந்ததால் தனி ஆளின் பெயரில் பட்டா கிடையாது. ஆகவே வாக்கும் கிடையாது. 1860களின் நிலப் போர்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்த நிலைமை நீடிப்பது ஆபத்து என்று குடியேற்ற அரசு கருதியது. நில நீதிமன்றம் சில ஆண்டுகளில் குல நிலத்தை ஆள் பெயருக்கு மாற்றிவிடும், பிறகு மாவோரிகள் பொதுப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள் என்ற எண்ணத்தில் சட்டத்துக்கு ஐந்தாண்டு ஆயுள் மட்டுமே வைத்தார்கள். அது நீட்டிக்கப்பட்டு, 1876இல் கால வரம்பு நீக்கப்பட்டது.

நல்லெண்ணத்தால் மட்டும் கொடுக்கப்பட்ட சலுகை என்று இதைக் கொள்வதற்கில்லை. மாவோரிகள் பொதுத் தொகுதிகளில் வாக்காளர்களாகச் சேர்ந்தால் வடக்குத் தீவின் சில தொகுதிகளில் குடியேறியவர்களை எண்ணிக்கையில் மிஞ்சிவிடக்கூடும் என்ற கணக்கும் இருந்தது. அதே சட்டத்தால் 21 வயது நிறைந்த மாவோரி ஆண்கள் அனைவருக்கும் சொத்துத் தகுதியின்றி வாக்குரிமை கிடைத்தது என்பதும் உண்மை. ஐரோப்பிய ஆண்கள் அனைவருக்கும் அது கிடைத்தது 12 ஆண்டுகள் கழித்து, 1879இல்தான்.

நான்கு இடங்கள் போதுமானவையா?

அன்றைய மக்கள்தொகை அளவில் கணக்கிட்டால் மாவோரிகளுக்கு 14 முதல் 16 இடங்கள் வரை கிடைத்திருக்க வேண்டும். ஐரோப்பியர்களுக்கு அப்போது 72 இடங்கள் இருந்தன. மாவோரி மக்கள்தொகை இருபதாம் நூற்றாண்டில் பல மடங்கு பெருகிய பிறகும் நான்கு என்ற எண் அசையவில்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, 126 ஆண்டுகள், அது நான்காகவே இருந்தது.

எண்ணிக்கையைவிட நடைமுறை இன்னும் மோசமாக இருந்தது. ஐரோப்பியர்களுக்கு 1870இலேயே வந்துவிட்ட இரகசிய வாக்குச் சீட்டு மாவோரி தொகுதிகளுக்கு 1938 தேர்தலில்தான் வந்தது. அதுவரை ஒரு மாவோரி வாக்காளர் தேர்தல் அலுவலர் முன் நின்று தன் தெரிவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாக்குப்பதிவு பொதுத் தேர்தல் நாளிலன்றி வேறொரு நாளில் நடந்தது. இரண்டும் ஒரே நாளுக்கு வந்தது 1951இல். முழு மாவோரி வம்சத்தவர் பொதுத் தொகுதியில் போட்டியிட 1967 வரை சட்டம் இடம் தரவில்லை. இந்த விவரங்களைப் பார்க்கும்போது, வாக்கு மாவோரிகளின் கையில் இருந்தும் அந்த இடங்கள் நெடுங்காலம் ஓர் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு மாவோரி வாக்காளர் எந்தப் பட்டியலில் இருப்பார்?

1975 முதல் அதை அவரே முடிவு செய்கிறார். மாவோரி வம்சத்தைச் சேர்ந்த எவரும் மாவோரி பட்டியலிலோ பொதுப் பட்டியலிலோ பதிவு செய்யலாம். இரத்த விகிதம், மொழித் தேர்ச்சி எதையும் யாரும் சோதிப்பதில்லை. எந்தப் பட்டியலில் இருந்தாலும் தொகுதிக்கு ஒரு வாக்கு, கட்சிக்கு ஒரு வாக்கு என்ற எண்ணிக்கை மாறாது. முன்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை கிடைத்த பட்டியல் மாறும் வாய்ப்பு, 2023 முதல் பொதுத் தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதங்கள் போன்ற காலங்கள் நீங்கலாக எப்போதும் உண்டு.

இந்தத் தெரிவோடு தொகுதிகளின் எண்ணிக்கையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் இணைத்தது. மாவோரி பட்டியலில் சேர்வோர் கூடினால் தொகுதிகள் கூடும், குறைந்தால் குறையும். 1996இல் ஐந்து, 1999இல் ஆறு, 2002இல் ஏழு என்று உயர்ந்து, 2023 தேர்தல்வரை ஏழாகவே நின்றது. ஒதுக்கீட்டின் அளவை அந்த மக்களே தங்கள் பதிவின் வழியாக நிர்ணயிப்பது மிக அரிது. இந்த ஏற்பாட்டின் சிறப்பு என்று எதையேனும் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஏழு இடங்களால் கொள்கையில் ஏதேனும் மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது, எப்போதும் அல்ல. 1930களில் ராட்டானா சமய இயக்கம் தொழிற்கட்சியோடு கூட்டு வைத்தது. 1943 முதல் நான்கு இடங்களும் ஐம்பது ஆண்டுகள் தொழிற்கட்சியின் வசமே இருந்தன. 1946இல் தொழிற்கட்சிக்கு 42, தேசியக் கட்சிக்கு 38 என்று முடிவு வந்தபோது அந்த நான்கே ஆட்சியைத் தீர்மானித்தன. அப்போது கிடைத்த செல்வாக்கைத் தவிர்த்துப் பார்த்தால், உறுதியான வாக்கு வங்கி எல்லா நாட்டிலும் என்ன கதிக்கு ஆளாகுமோ அதே கதிதான் அங்கும்: ஒரு கட்சிக்கு அந்த வாக்கு எப்படியும் வரும், மற்றதற்கு எப்படியும் வராது, ஆகவே இரண்டுமே அதிகம் பொருட்படுத்துவதில்லை.

2004இல் நிலைமை மாறியது. கடற்கரை, கடலடி நிலம் ஆகியவற்றின் மீது மாவோரிகள் உரிமை கோர வழி உண்டு என்று முந்தைய ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த வழியை அடைக்க ஆளும் தொழிற்கட்சி சட்டம் கொண்டுவந்தபோது, அதன் அமைச்சர் டரியானா டுரியா பதவியைத் துறந்து கட்சியை விட்டு வெளியேறி, தன் மாவோரி தொகுதியின் இடைத்தேர்தலில் புதிய மாவோரி கட்சியின் சார்பில் நின்று வென்றார். 2005இல் அந்தக் கட்சி நான்கு மாவோரி இடங்களையும் 2008இல் ஐந்தையும் பிடித்து, தேசியக் கட்சியின் ஆட்சிக்கு ஆதரவளித்தது. 2011இல் அந்தக் கடற்கரைச் சட்டம் நீக்கப்பட்டு வேறு சட்டம் வந்தது. புதிய சட்டம் எல்லா மாவோரிகளுக்கும் நிறைவளிக்கவில்லை. எனினும் பொதுத் தொகுதியில் நிற்கும் ஓர் உறுப்பினருக்குத் தன் கட்சியை எதிர்த்துவிட்டு அதே காரணத்துக்காக மீண்டும் வெல்லும் வாய்ப்பு இருந்திருக்காது. டுரியாவுக்கு இருந்தது. அவருடைய வாக்காளர்கள் யார் என்பதே அதற்குக் காரணம்.

2023இல் மாவோரி கட்சி ஏழில் ஆறை வென்றது. 2002இல் பிறந்த ஹானா-ராஃபிட்டி மைப்பி-கிளார்க், நீண்ட கால அமைச்சர் நனாயா மஹுட்டாவைத் தோற்கடித்தார். மாவோரி தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே 1840இல் ஏற்பட்ட வைத்தாங்கி உடன்படிக்கையின் கொள்கைகளுக்குப் புது விளக்கம் தர முயன்ற மசோதாவை எதிர்த்து 2024 நவம்பரில் அவையிலேயே அவர் மாவோரிகளின் மரபு ஆட்டமான ஹாக்காவை ஆடித் தொடங்கிவைத்த காட்சி உலகம் முழுவதும் பரவியது. அதற்காக அவரும் கட்சியின் இரு தலைவர்களும் 2025 ஜூனில் அவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர். மசோதா அதற்கு முன்பே, ஏப்ரலில், 11க்கு எதிராக 112 வாக்குகளால் தோற்றிருந்தது.

சுலோவேனியாவில் சிலருக்கு இரண்டு வாக்குகள் இருப்பது உண்மையா?

உண்மை. 90 உறுப்பினர் கொண்ட அவையில் இத்தாலியச் சமூகத்துக்கு ஓர் இடமும் ஹங்கேரியச் சமூகத்துக்கு ஓர் இடமும் அரசியல் சட்டப்படி உண்டு. அந்தச் சமூகத்தார் மற்ற குடிமக்களைப் போலப் பொதுத் தேர்தலில் ஒரு வாக்கும், தங்கள் சமூகத்தின் உறுப்பினருக்குத் தனியே ஒரு வாக்கும் அளிக்கிறார்கள். இச்சமூகங்களின் உரிமைகளை மட்டுமே பற்றிய சட்டத்தை அவர்களுடைய உறுப்பினர்களின் ஒப்புதல் இல்லாமல் நிறைவேற்ற முடியாது. 90 பேரில் ஒருவர் என்ற எண்ணிக்கையை மீறிய அதிகாரம் இது; ஒற்றை உறுப்பினர் அவையில் இருப்பதற்குப் பொருள் தருவதும் இதுவே.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2002 கணக்கெடுப்பில் இத்தாலியர் என்று பதிந்தவர்கள் 2,258 பேர், ஹங்கேரியர் 6,243 பேர். அதே கணக்கெடுப்பில் செர்பியர் 38,964 பேர், குரோவாசியர் 35,642 பேர். பின்னவர்களுக்கு ஒதுக்கிய இடம் எதுவும் இல்லை. யுகோசுலாவியாவின் பிற குடியரசுகளிலிருந்து வந்தவர்கள் மண்ணின் பழைய சிறுபான்மையினராகக் கொள்ளப்படாததே காரணம். ரோமா மக்களுக்கோ சில உள்ளாட்சி மன்றங்களில் மட்டும் இடம் உண்டு. எந்தச் சிறுபான்மைக்கு இடம் தருவது என்று முடிவு செய்வது எப்போதும் பெரும்பான்மையாகவே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

குரோவாசியாவிலும் அதே முறைதானா?

இல்லை. அங்கே 151 இடங்களில் 8 சிறுபான்மையினருக்கு உரியவை. செர்பியருக்கு மூன்று, இத்தாலியருக்கும் ஹங்கேரியருக்கும் ஒவ்வொன்று, செக், சுலோவாக் சமூகங்களுக்குச் சேர்த்து ஒன்று, ரோமா, ஜெர்மானியர், யூதர் உள்ளிட்ட பன்னிரண்டு சமூகங்களுக்கு மொத்தமாக ஒன்று, முன்னாள் யுகோசுலாவியாவின் பிற சமூகங்களுக்கும் அல்பேனியருக்கும் சேர்த்து ஒன்று. வாக்காளர் வாக்குச் சாவடியில் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்: தன் வாழிடத்துப் பொதுப் பட்டியலா, தன் இனத்தின் பட்டியலா. சிறிய சமூகங்களுக்கு இரண்டு வாக்கு தர எடுத்த முயற்சியை 2011இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தடுத்துவிட்டது.

இதன் விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. ஆட்சியை யார் அமைப்பது என்ற கேள்வியில் பங்கேற்க விரும்பும் சிறுபான்மை வாக்காளர் பலர் பொதுப் பட்டியலைத் தேர்கிறார்கள். சிறுபான்மை உறுப்பினர் சிலர் மிகக் குறைந்த வாக்குகளோடு அவைக்கு வருகிறார்கள். அந்த எட்டுப் பேரின் ஆதரவில் அரசு நிலைக்கும்போது, சொற்ப வாக்கில் வந்தவர்கள் நாட்டின் ஆட்சியைத் தீர்மானிப்பதா என்ற புகார் எழுகிறது. அந்த வாக்கு ஏன் சொற்பமானது என்று கேட்பவர்கள் குறைவு. இரண்டில் ஒன்றைக் கைவிடச் சொன்னது சட்டம்தானே.

ருமேனியாவில் இத்தனை சிறிய சமூகங்களுக்கு இடம் எப்படிக் கிடைக்கிறது?

1991ஆம் ஆண்டு அரசியல் சட்டம், தேர்தலில் வழக்கமான வழியில் வெல்ல முடியாத ஒவ்வொரு தேசியச் சிறுபான்மையின் அமைப்புக்கும் கீழவையில் ஓர் இடம் தருகிறது. அதற்கு மிகக் குறைந்த அளவு வாக்குகள் பெற்றால் போதும். ஹங்கேரியர் பெரிய சமூகம் என்பதால் தங்கள் கட்சியின் வழியே பொதுப் போட்டியிலேயே வந்துவிடுகிறார்கள். ஏனையவற்றில் பதினெட்டு அளவிலான சமூகங்கள் இந்த வழியில் இடம் பெறுகின்றன. ஐரோப்பாவில் இவ்வளவு பல இனங்கள் ஒரே அவையில் அமர்வது வேறெங்கும் இல்லை எனலாம்.

சிக்கல் வாக்கில் இருக்கிறது. அந்த அமைப்புகளுக்கு நாட்டின் எந்தக் குடிமகனும் வாக்களிக்கலாம். 2002 கணக்கெடுப்பில் அல்பேனியர் என்று பதிந்தவர்கள் 477 பேர் மட்டுமே. அல்பேனிய அமைப்புக்குத் தேர்தலில் விழுந்த வாக்குகளோ ஆயிரக்கணக்கில். அந்த உறுப்பினரை அனுப்பியவர்கள் அல்பேனியரா என்று கேட்டால், பெரும்பாலும் அல்லர் என்பதே விடை. மேலும், ஒருமுறை அவையில் இடம் பெற்ற அமைப்புக்குச் சட்டம் தரும் சாதகங்களால், அதே சமூகத்தில் போட்டி அமைப்பு ஒன்று எழுவது கடினம். தாராளமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில், இடம் சமூகத்தின் பெயரில் இருக்கிறது, தெரிவு சமூகத்திடம் இல்லை.

வாக்களிக்கும் உரிமை இல்லாத உறுப்பினர்களும் இருக்கிறார்களாமே?

ஹங்கேரியில் இருக்கிறார்கள். அங்கு அங்கீகரிக்கப்பட்ட 13 தேசியச் சிறுபான்மைகள் உண்டு. ஒரு சிறுபான்மைப் பட்டியல், வழக்கமான ஓர் இடத்துக்குத் தேவையான வாக்குகளில் கால் பங்கு பெற்றால் முழு உறுப்பினரை அனுப்பலாம். பெறாவிட்டால் பட்டியலின் முதல்வர் சார்பாளராக அவைக்கு வருவார். பேசலாம், குழுவில் அமரலாம், வாக்களிக்க முடியாது. இந்த முறை நடைமுறைக்கு வந்த 2014இல் பதின்மூன்று சமூகங்களும் சார்பாளர்களையே பெற்றன. 2018இலும் 2022இலும் ஜெர்மானியச் சமூகத்தின் இம்ரே ரிட்டர் மட்டும் முழு உறுப்பினரானார்.

சிறுபான்மை வாக்காளராகப் பதிபவர் கட்சிப் பட்டியலுக்கான வாக்கை இழக்கிறார். அவருக்குத் தரப்படுவது தன் சமூகத்தின் ஒரே பட்டியல் கொண்ட சீட்டு. அதை ஏற்கலாம் அல்லது ஏற்காமல் விடலாம். கிரேக்க, ஆர்மேனியச் சமூகங்களைச் சேர்ந்த இருவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது. எட்ட முடியாத வாக்கு அளவு, தெரிவுக்கு இடமில்லாத ஒற்றைப் பட்டியல், வாக்கின் இரகசியம் கெடுவது ஆகிய மூன்றும் சேர்ந்து, பாகுபாடற்ற சுதந்திரத் தேர்தல் உரிமையை மீறுகின்றன என்பது தீர்ப்பு.

குறைந்தபட்ச வாக்கு விதியைத் தளர்த்துவது மட்டும் போதாதா?

சில இடங்களில் போதுமானதாக இருந்திருக்கிறது. ஜெர்மனியில் டேனிய, ஃபிரிசியச் சிறுபான்மையினரின் கட்சிக்கு 5 விழுக்காட்டு விதி பொருந்தாது. 2021இல் அந்தக் கட்சி ஓர் இடம் பெற்றது, 2025இல் தக்கவைத்தது. போலந்தில் ஜெர்மானியச் சிறுபான்மைக்கும் அதே விலக்கு உண்டு. ஆனாலும் 1991இல் ஏழாக இருந்த அதன் இடங்கள் ஒன்றாகக் குறைந்து, 2023இல் அதுவும் போயிற்று.

இலங்கையில் இந்த விதி எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவாகவே தளர்த்தப்பட்டது. மாவட்ட விகிதாசாரத் தேர்தலில் வெட்டுப்புள்ளி 12.5 விழுக்காடாக இருந்ததை, 1988 டிசம்பரில் நிறைவேறிய பதினைந்தாவது திருத்தம் 5 விழுக்காடாகக் குறைத்தது. ஜனாதிபதித் தேர்தல் வேளையில் முஸ்லிம் காங்கிரசின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் முன்வைத்த கோரிக்கை அது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி நான்கு இடங்களைப் பெற்றது. இன அடையாளம் பற்றி ஒரு சொல்லும் இல்லாத ஒரு திருத்தம் சிறு கட்சிகள் அனைத்துக்கும் கதவு திறந்தது. ஓர் ஒதுக்கீட்டைவிடக் குறைந்த சச்சரவோடு கிடைத்த பயன் அது.

ஒருவர் எந்த இனத்தவர் என்பதை யார் முடிவு செய்வது?

மொரீஷியசின் அனுபவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 62 பேர் நேரடியாகத் தேர்வாகிறார்கள். சமூகங்களுக்கிடையே சமநிலை காக்க, தோற்றவர்களில் அதிக வாக்குப் பெற்றவர்களைக் கொண்டு எட்டு இடங்கள்வரை நிரப்பலாம். இதற்காக அரசியல் சட்டம் மக்களை இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், இந்த மூன்றிலும் சேராத ‘பொது மக்கள்’ என்று நான்காகப் பிரிக்கிறது. அங்குள்ள தமிழர்கள் தங்களுக்கெனக் கோவில்களும் விழாக்களும் அடையாளமும் உடையவர்கள். ஆனாலும் இந்தக் கணக்கில் இந்துக்களோடு சேர்த்தே எண்ணப்படுகிறார்கள். கணக்கீடு இன்றும் 1972ஆம் ஆண்டின் கணக்கெடுப்பை வைத்தே நடக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி கணக்கெடுப்பில் கேட்கப்படவே இல்லை. வேட்பாளர் தன் சமூகத்தை அறிவித்தே ஆக வேண்டும் என்ற விதி, புதுப்பிக்கப்படாத அந்தக் கணக்கோடு சேர்ந்து உரிமை மீறலாகிறது என்று 2012இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கருத்துரைத்தது.

ஒதுக்கீடு எதுவும் இல்லாமல் ஒரு சமூகத்தின் பிரதிநிதித்துவத்தை அழிக்க முடியுமா?

முடியும், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழருக்கு அதுவே நேர்ந்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வேட்பாளர்கள் நாடாளுமன்றம் சென்றார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. 1952இல் அந்தக் கட்சியிலிருந்து ஒருவர்கூட வெல்லவில்லை.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு கொடுமை உண்டு. தொகுதிகள் 75,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் பிரிக்கப்பட்டன. அந்தத் தலைக் கணக்கில் வாக்கில்லாத தோட்டத் தமிழர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே மலையகத்துக்குரிய இடங்கள் குறையவில்லை. அந்த இடங்களை நிரப்பும் வாக்கு மட்டும் அயலிலிருந்த சிங்களக் கிராமங்களுக்குப் போயிற்று. 1947இல் வென்றிருந்த மலையகத் தலைவர் எஸ். தொண்டமான் 1960இல் நியமன உறுப்பினராகவே அவைக்கு வர முடிந்தது. மூவரைத் தேர்ந்தெடுக்கும் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் அவர் மீண்டும் மக்கள் வாக்கால் வென்றது 1977இல்.

இந்த ஏற்பாடுகளை எப்போது முடிப்பது, முடிப்பது யார்?

சட்டப்படி பார்த்தால் பெரும்பாலும் பெரும்பான்மையே. இந்தியாவில் ஆங்கிலோ இந்தியர் நியமனம் 104ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு முடிந்தது. நியமனம் என்பதால் அதைக் காப்பாற்ற அவர்களுக்கென வாக்கும் இருக்கவில்லை.

நியூசிலாந்தில் 1986இல் ஓர் அரசு ஆணையம், விகிதாசார முறைக்கு மாறினால் மாவோரி தொகுதிகள் தேவைப்படாது, மாவோரி கட்சிகளுக்குக் குறைந்தபட்ச வாக்கு விதியைத் தளர்த்தினால் போதும் என்று பரிந்துரைத்தது. தனித் தொகுதிகள் இருப்பதால் மற்றத் தொகுதிகளின் உறுப்பினர்கள் மாவோரிகளைக் கண்டுகொள்வதில்லை என்பது ஆணையத்தின் வாதம். அதில் நியாயமும் இருந்தது. மாவோரிகள் அதை ஏற்கவில்லை. 1993இல் புதிய தேர்தல் முறைக்கான சட்டம் வந்தபோது தொகுதிகளையும் அதோடு சேர்த்தே காப்பாற்றிக்கொண்டார்கள். அப்படியிருந்தும் பாதுகாப்பு முழுமையானதன்று. தேர்தல் சட்டத்தின் சில பிரிவுகளை மாற்ற அவையில் 75 விழுக்காட்டு ஆதரவோ பொது வாக்கெடுப்போ வேண்டும். வாக்களிக்கும் வயதும் பொதுத் தொகுதி எல்லைகளை வகுக்கும் முறையும் அந்தப் பாதுகாப்பில் அடங்கும். மாவோரி தொகுதிகளை உருவாக்கும் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. அவையில் சாதாரணப் பெரும்பான்மை கொண்ட எந்த அரசும் ஒரு மசோதாவால் அவற்றை நீக்கிவிடலாம்.